பிரிச்ச வண்டிங்களா?

கோவையில் பழைய கார் பார்க்கப் போகிறவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி இது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எங்கேயாவது மோதியதா என்பதெல்லாம் அப்புறம்தான். விற்பவரும் பதிலைத் தயாராக வைத்திருப்பார்: "ஒரு போல்ட்டக்கூடக் கழட்டலீங்க. கம்பெனி ஃபிட்டிங் அப்படியே இருக்குதுங்க." கேட்டவர் முகத்தில் நிம்மதி, சொன்னவர் முகத்திலும் நிம்மதி. எஞ்சினின் உள்ளே என்ன நடக்கிறது என்று இருவருக்குமே தெரியாது.

சாதாரணக் காருக்கே இப்படியென்றால், முப்பது நாற்பது லட்சத்துக்குக் கைமாறும் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எஞ்சினை இறக்கி, பிரித்து, பலப்படுத்திக் கட்டிய வண்டி என்று தெரிந்த மாத்திரத்தில் விலையில் லட்சங்கள் கழியும். சிலர் கொடுத்த டீயைக்கூட முடிக்காமல் எழுந்துவிடுவார்கள்.

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் நண்பர் அப்படி எழுந்து வந்தவர்களில் ஒருவர். இரண்டு ஜெர்மன் கார்களைப் பார்த்தார். இரண்டும் ஒரே மாடல், இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல். ஒன்றின் எஞ்சின் முழுக்கப் பிரித்துக் கட்டப்பட்டிருந்தது. சொந்தக்காரர் அளவுத் தாள், பாகங்களின் பில், வேலையின்போது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருந்தார். இன்னொன்று "கை படாத எஞ்சின்". நண்பர் எதை வாங்கினார் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாவது மாதம் ஆயில் குறைகிறது என்றார். அதன்பின் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் குடிக்க ஆரம்பித்தது. பிரித்துப் பாருங்கள் என்றதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது: "பிரிச்சா வண்டி போயிரும்ப்பா."

போயே விட்டதை இனிமேல்தான் போகும் என்று பயப்படுவதற்குப் பெயர் எச்சரிக்கை இல்லை. தீட்டு பார்ப்பது. மெக்கானிக்கின் கிரீஸ் படிந்த கை உள்ளே போனால் எஞ்சினின் புனிதம் கெட்டுவிடும் என்று நம்புவதை வேறு எப்படிச் சொல்வது?

இந்த நம்பிக்கை வேறு ஊரில் இருந்தால்கூடப் பரவாயில்லை. கோயம்புத்தூரில் இருப்பதுதான் வெட்கக்கேடு. இந்த ஊரின் மோட்டார் தொழில் கதையே ஒரு எஞ்சினைப் பிரித்ததில்தான் தொடங்குகிறது. கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக இருந்து, மிச்சம் பிடித்த முந்நூறு ரூபாயில் அதே வண்டியை வாங்கினார் என்பது இங்கே எல்லோரும் அறிந்த கதை. வாங்கிய கையோடு ஊரைச் சுற்றவில்லை. கழற்றிப் போட்டார், மறுபடி மாட்டினார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவரின் பள்ளிக்கூடம் அந்த வண்டிதான். அவர் பெயரில் அவினாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் கட்டியாயிற்று. அதன்மேல் பறக்கிற கார்க்காரரிடம் எஞ்சினைப் பிரிக்கலாமா என்று கேட்டால் முகம் வெளுக்கிறது.

அடுத்து எஸ். கரிவர்தன். மில் குடும்பத்துப் பிள்ளை, சோழவரம் விமான ஓடுதளத்தில் கார் ஓட்டியவர். 1988-இல் அவர் கொண்டுவந்த ஃபார்முலா மாருதியின் முதுகில் இருந்தது என்ன? மளிகைச் சாமானும் பள்ளிக் குழந்தைகளும் ஏற்றிக்கொண்டு போன மாருதி 800-இன் அதே மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின். பிள்ளைகள் பந்தயம் கற்றுக்கொண்டது அதில்தான். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் அந்த வரிசையில்தான். 1995-இல் விமான விபத்தில் இறந்த கரிவர்தனின் பெயரைத்தான் செட்டிபாளையத்தின் 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடம் தாங்கி நிற்கிறது. அண்மைக் காலத்துக்கு வந்தால், இந்த ஊர் ஜெயம் நிறுவனமும் டாடாவும் சேர்ந்து 2018 அக்டோபரில் விட்ட ஜேடிபி டியாகோவும் டிகோரும் உண்டு. சாதுவான குடும்பக் காரில் டர்போ எஞ்சினை வைத்து 114 குதிரைசக்தி ஆக்கினார்கள். கம்பெனியே கோவைக்காரர்களின் கையை நம்பியது. கோவைக்காரர் நம்பவில்லை.

சரி, கம்பெனியின் கை மட்டும் என்ன, கடவுளின் கையா?

2014-இல் போர்ஷே 911 ஜிடி3 கார்கள் இரண்டு தீப்பிடித்தன. எஞ்சினுக்குள் கனெக்டிங் ராடு போல்ட் தளர்ந்து, ராடு பிய்ந்து பிளாக்கை உடைத்ததுதான் காரணம். உலகெங்கும் விற்றிருந்த 785 கார்களையும் ஓட்டாதீர்கள் என்று நிறுத்திவைத்து, எல்லாவற்றுக்கும் எஞ்சினையே மாற்றிக் கொடுத்தார்கள். 2024 மே மாதம் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 1,02,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது கடைசலில் உதிர்ந்த துகள் எஞ்சினுக்குள்ளேயே தங்கி மெயின் பேரிங்கைத் தின்றுவிட்டது. நம் பட்டறைகளைப் பற்றி நாம் சொல்லும் புகார் என்ன? "சரியாக் கழுவ மாட்டாங்க." டொயோட்டாவும் கழுவவில்லை. இந்த வண்டிகள் எல்லாமே கை படாத, கம்பெனி ஃபிட்டிங் வண்டிகள்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. பிரித்த எஞ்சின் வேண்டாம் என்கிற அதே ஆள் ஏஎம்ஜி காரின் பானெட்டைத் தூக்கி, எஞ்சின் மேலே இருக்கும் சிறு தகட்டைப் பெருமையோடு காட்டுவார். அதில் ஒரு கையெழுத்து இருக்கும். ஜெர்மனியின் ஆஃபால்டர்பாக்கில் அந்த எஞ்சினை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை தன் கையால் மாட்டிய தொழிலாளியின் கையெழுத்து. நிசான் ஜிடி-ஆர் எஞ்சினிலும் யோகஹாமாவில் அதைக் கட்டிய கைவினைஞரின் பெயர் இருக்கும். ஆக, கைதான் உயர்வு என்று அங்கே ஒப்புக்கொண்டாயிற்று. ஜெர்மன்காரர் கை பட்டால் கையெழுத்து, நம் கணபதிப் பகுதிப் பட்டறைக்காரர் கை பட்டால் தீட்டு.

"சீல் வச்ச எஞ்சின்" என்ற பேச்சும் அப்படித்தான். பந்தயத்தில் ஒரே மாதிரிக் கார்களை ஓட விடும் போட்டிகளில் எஞ்சினுக்கு சீல் வைப்பது உண்டு. பிரித்தால் கெட்டுப்போகும் என்பதற்காக அல்ல. கெட்டிக்காரக் கை உள்ளே போனால் ஒருவர் வண்டி மட்டும் வேகம் கூடிவிடும் என்பதற்காக. சீல் வைப்பதே அந்தக் கையின் திறமையை ஒப்புக்கொள்வதுதான். நாம் அதைத் தலைகீழாகப் படித்து வைத்திருக்கிறோம்.

ஒரு நல்ல பட்டறையில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

பிளாக்கை வெறுமனே போரிங் போட மாட்டார்கள். சிலிண்டர் ஹெட்டை இறுக்கும்போது அந்த இறுக்கத்திலேயே சிலிண்டரின் வட்டம் நூலளவு கோணும். ஆகவே ஹெட் இருக்கிற இடத்தில் கனமான இரும்புத் தட்டு ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கி, அதே கோணலை வரவழைத்து, அந்த நிலையில்தான் சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து ஹோனிங் செய்வார்கள். தட்டைக் கழற்றினால் வட்டம் தப்பாகத் தெரியும். ஹெட்டை மாட்டினால் சரியாக வந்து நிற்கும். முடிந்ததும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ அலசிவிட்டு விடுவது அரைகுறை வேலை. ஹோனிங் கல்லின் பொடி சிலிண்டர் சுவரின் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். சாம்பல் நிறம் பட்டால் மறுபடியும் சோப்பு.

பிஸ்டன் ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். 82.5 மில்லிமீட்டர் சிலிண்டரில், டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஏறக்குறைய 0.33 மி.மீ. போதும். அதே சிலிண்டரில் டர்போவின் அழுத்தத்தை ஏற்றப்போகிறோம் என்றால் 0.45-ஐத் தாண்ட வேண்டும். சூடு கூடக் கூட ரிங் நீளும். இடம் விடாவிட்டால் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு, ரிங் சுவரைக் கீறி, பிஸ்டனின் விளிம்பைப் பெயர்த்து எடுத்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு பிசகினால் லட்சக்கணக்கில் போட்ட காசு அலுமினியத் தூளாகும். கிராங்க் பேரிங்கில் கணக்கு இன்னும் நுணுக்கம்: பேரிங்குக்குள் சுழலும் ஐம்பது மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. இடைவெளி, தலைமுடியின் கனம்கூட இல்லை. அந்த இடத்தில் நிற்கும் ஆயில் படலத்தின் மேல்தான் மொத்தப் பாரமும் மிதக்கிறது.

அப்புறம் ஃபோர்ஜ்டு பிஸ்டன். அடித்து உருவாக்கிய பிஸ்டன், பந்தயத் தரம். அந்த அலுமினியக் கலவை சூட்டில் கொஞ்சம் அதிகமாக விரியும் என்பதால் இடைவெளியும் கூடுதலாக விட்டிருப்பார்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக் டக் என்று சத்தம் கேட்கும்; சூடானதும் அடங்கிவிடும். இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு "பார்த்தீங்களா, பிரிச்ச எஞ்சின்னா இப்படித்தான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் காதில் விழுந்தது பலமான பிஸ்டனின் சத்தம்.

கம்பெனியால் இவ்வளவு நேரம் செலவிட முடியாது. இத்தனைக்குள் இருந்தால் போதும் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அந்த வரம்பின் இந்த ஓரத்தில் விழுகிற எஞ்சினும் உண்டு, அந்த ஓரத்தில் விழுகிறதும் உண்டு, இரண்டும் பாஸ். கையால் கட்டுகிறவர் வரம்பின் நட்டநடுவில் உட்கார வைக்கலாம். நான்கு பிஸ்டனையும் ராடையும் கிராம் சுத்தமாக எடை பார்த்துச் சமப்படுத்தலாம். முடியுமா என்பதல்ல, செய்தாரா என்பதே கேள்வி.

எல்லாப் பட்டறையும் இப்படி இல்லை என்று நீங்கள் சொல்வது சரி. ஒருமுறை இறுக்கினால் நீண்டு போகிற போல்ட்டை, புதுசு வாங்க மனமில்லாமல் மறுபடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். டார்க் ரெஞ்ச் சுவரில் தொங்கும். இறுக்குவது தோள்பட்டைக் கணக்கில். சிலிகான் பசையை வெண்ணெய் மாதிரி அப்பி, அது உள்ளே உதிர்ந்து ஆயில் சல்லடையை அடைத்த கதையும் உண்டு. மென்பொருளை மட்டும் மாற்றி அழுத்தத்தை ஏற்றிவிட்டு, உள்ளே பழைய ராடையே விட்டுவைக்கிற அவசரக்காரர்கள்தான் பாதி எஞ்சின்களின் எமன். சட்டமும் ஒன்று இருக்கிறது: கம்பெனி சொன்ன விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. குதிரைசக்தியைக் கூட்டுகிற ஆசைக்கு இடம் செட்டிபாளையம்தான், திருச்சி சாலை அல்ல. ஆனால் இதிலிருந்து கிடைக்கும் பாடம் மோசமான பட்டறைக்குப் போகாதே என்பதுதானே? மோசமான டாக்டர் இருக்கிறார் என்பதற்காக அறுவைச் சிகிச்சை செய்தவர்களையெல்லாம் சம்பந்தத்துக்கு ஆகாது என்று ஒதுக்குவோமா?

இந்தப் பயம் எல்லா எஞ்சினுக்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரரிடம் போய்ப் பிரிச்ச எஞ்சினா என்று கேட்டால் சிரிப்பார். எஞ்சின் வேலை பார்ப்பது அவருக்கு டயர் மாற்றுவது மாதிரி. பிஸ்டன், லைனர், ரிங் எல்லாம் ஒரே பெட்டியில் கிட்டாகக் கடையில் கிடைக்கிறது. பிரிப்பார்கள் என்று தெரிந்துதான் அதைச் செய்கிறார்கள். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் நாடெங்கும் ஓடிக் குடும்பங்களைக் காப்பாற்றுவது பிரித்துப் பிரித்துக் கட்டிய எஞ்சின்களில்தான். தோட்டத்து மோட்டார் எரிந்தால் காயில் கட்டி மாட்டுகிறோம். சோறு போடுகிற எஞ்சினை நம்பிப் பிரிக்கிறோம். பவுசுக்கு வைத்திருக்கும் எஞ்சினில் மட்டும் கை படக் கூடாது.

இதனால் நடக்கிற மோசடிதான் பெரிது. ஒழுங்காகச் செலவழித்து, ஒழுங்காகப் பிரித்துக் கட்டியவர், விற்கும்போது அதை மறைக்கிறார். பில்லைக் கிழிக்கிறார். போல்ட் தலையில் ஸ்பேனர் பட்ட தழும்பு தெரியாமலிருக்கப் பெயின்ட் தொடுகிறார். உண்மையைச் சொன்னால் லட்சம் போகும், பொய் சொன்னால் லட்சம் வரும் என்று சந்தை விலை வைத்திருக்கிறது. எஞ்சினைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஆவணத்தை வாங்குகிறவரே அழிக்க வைக்கிறார். பட்டறைக்காரர் நிலைமை இன்னும் பரிதாபம். நல்ல வேலை வெளியே தெரிந்தால்தானே அவருக்குப் பேர்? அது ரகசியமாகவே இருக்க வேண்டுமென்றால், அளந்து செய்கிறவரும் அளக்காமல் செய்கிறவரும் ஒரே கூலிக்கு நிற்க வேண்டியதுதான். குறிச்சி சிட்கோ பக்கம் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைக் கைவிரலால் உணர்கிற கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளப் பையன்கள்தான் இல்லை.

என் நண்பர் கதைக்கு வருகிறேன். பதினோரு மாதம் ஆயில் ஊற்றி ஊற்றி ஓட்டியவர் ஒருநாள் மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டியோடு நின்றுவிட்டார். பிரித்தார்கள். ஆயில் ரிங்கின் துளைகள் முழுக்கக் கரி அடைத்து, மூன்றாவது சிலிண்டர் சுவர் உழவு போட்ட மாதிரி கிடந்தது. ஆயில் குறைகிறது என்ற முதல் மாதமே பிரித்திருந்தால் ரிங்கோடு முடிந்திருக்கும். இப்போது போரிங், நான்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன், ராடு, பேரிங், இரண்டு மாதம். கட்டி முடித்த வண்டி ஒரு சொட்டு ஆயில் குடிக்கவில்லை.

போன தை மாதம் பண்ணைக்குப் பணம் தேவைப்பட்டதால் அதை விற்க வைத்தார். புரோக்கர் காதோடு சொன்னாராம், பிரிச்சதைச் சொல்லிக்காதீங்க என்று. இவர் கேட்கவில்லை. அளவுத் தாளை மடித்து டாஷ்போர்டில் வைத்திருக்கிறார். இதுவரை நான்கு பேர் வந்து பார்த்தார்கள். மூன்று பேர் தாளைக் கண்டதும் கிளம்பிவிட்டார்கள். நான்காவது ஆள் பீளமேட்டில் லேத் வைத்திருப்பவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பிரித்துப் படித்துவிட்டு, மூன்றாவது சிலிண்டருக்கு ரிங் இடைவெளி எவ்வளவு விட்டார்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறார்.