செடிக்கு ஆராய்ச்சி, அம்மாவுக்கு செயலமர்வு

பதுளையில இருந்து பசறைக்கு வர்ற ரோட்டுல ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கு. தேயிலைத் தொழில்நுட்பத்துக்குன்னே அங்க ஒரு பட்டப்படிப்பு இருக்கு. அப்படியே பசறைக்கு வந்தா தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தோட ஊவா பிராந்திய நிலையம். மண்ணைப் பரிசோதிக்க ஆள், பூச்சியைப் பார்க்க ஆள், எந்த வகைக் கன்று இந்த வெயிலைத் தாங்கும்னு பார்க்க ஆள். செடிக்கு நம்ம ஊருல ஒரு குறையும் இல்ல.

அந்த நிறுவனம் 1925இல் தொடங்கப்பட்டது. தேயிலை ஏற்றுமதியில் அறவிட்ட செஸ் வரியில்தான் வளர்ந்தது. டி.ஆர்.ஐ. 2025 என்று ஒரு செடி வகை இருக்கு. (அது வருசம் இல்ல, செடியோட பேர். நானும் சின்ன வயசுல வருசம்னுதான் நினைச்சேன்.) இப்படியான வகைகள் சும்மா வரல. யாரோ வருசக்கணக்கா நட்டு, அளந்து, எழுதி வச்சு, சரிவராததைத் தூக்கிப் போட்டுத்தான் வந்திச்சு. அதுக்குச் செலவழிச்ச காசு வீண் இல்ல. நான் கேக்கிறது, கொழுந்து பறிக்கிற மனுசி எப்படிப் படிக்கிறாங்கன்னு அதே பொறுமையோட பார்க்க ஏன் காசு இல்லைங்கிறதுதான்.

எங்க அம்மா கொழுந்து எடுக்கத் தொடங்கி 22 வருசம். பையில எத்தனை கிலோ இருக்குன்னு அவங்க தோளே சொல்லிரும், தராசு அப்புறம்தான். ஆனா சம்பளச் சீட்டு வந்தா என்கிட்டத்தான் நீட்டுவாங்க. ஆறாம் வகுப்புல இருந்து நான்தான் வாசிக்கிறேன். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபா ஆனப்பவும், 2024இல் 1350 ஆனப்பவும் நாம கொண்டாடினோம், சண்டையும் போட்டோம். சரி. 2024இல் வந்த அந்த 1350 படி 22 நாள் பேர் விழுந்திருந்தா 29,700 ரூபா. அதுல ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம்னா 2,376 ரூபா. இந்த ஒரு கணக்கை அம்மா தானே போட முடிஞ்சா, அரைப்பேர் போட்ட நாளை, கூடுதலா வெட்டின காசை அன்னைக்கே கேக்கலாம். நான் கெம்பஸ்ல இருந்து லீவுக்கு வர்ற வரைக்கும் சீட்டை அலுமாரியில மடிச்சு வைக்க வேணாம்.

இனி இது இன்னும் பெரிய விசயம். கம்பனிகள் வருமானப் பகிர்வு முறைன்னு ஒண்ணைக் கொண்டு வந்திருக்கு. ஒரு குடும்பத்துக்கு இத்தனை செடின்னு பிரிச்சுக் கொடுத்து, உரத்துக்கும் மருந்துக்கும் கழிச்சுக்கிட்டு, கொழுந்துக்குக் காசு. நல்லதா கெட்டதான்னு வேற நாள் பேசலாம். ஆனா கணக்கு தெரியாதவங்க அதுக்குள்ள போனா என்ன நடக்கும்னு சொல்லவே தேவையில்ல.

உடனே சிலர் சொல்லுவாங்க, ‘அதான் பயிற்சி குடுக்கிறாங்களே’ என்று. ஆமா, குடுக்கிறாங்க. எங்க தோட்டத்துக்கும் வந்தாங்க. பெனர், ரெண்டு நாள், பகல் சாப்பாட்டுப் பார்சல், கையொப்பப் பட்டியல், குரூப் போட்டோ. ஆறு மாசம் கழிச்சு யாராவது திரும்பி வந்து ‘அக்கா, அன்னைக்குச் சொன்னதுல எது ஞாபகம் இருக்கு?’ன்னு கேட்டாங்களா? இல்ல. அப்புறம் அறிக்கையில ‘பயனாளிகள் 40 பேர்’ என்று வரும். புதுக் கன்றை நட்டுட்டு, பிழைச்சுதான்னு பார்க்காமலேயே ஒரு ஆராய்ச்சியாளர் அறிக்கை எழுதினா விடுவாங்களா?

மேற்கு ஆபிரிக்காவில் நைஜர்னு ஒரு நாடு, நம்மளை விட ரொம்ப வறுமை. அங்க 113 கிராமங்கள்ல முதியோர் எழுத்தறிவு வகுப்பு நடந்துச்சு. சில கிராமங்கள்ல வகுப்போட சேர்த்து சாதாரண கைத்தொலைபேசியைப் பாவிக்கவும் சொல்லிக் கொடுத்தாங்க, மத்த கிராமங்கள்ல வெறும் வகுப்பு. ரெண்டையும் ஒப்பிட்டு அளந்தாங்க. போன் சேர்த்த கிராமங்கள்ல புள்ளிகள் கூட. வகுப்பு முடிஞ்சு ஏழு மாசத்துக்கு அப்புறமும் கணக்குல அந்த வித்தியாசம் நின்னுச்சு. ஜெனி ஏக்கர் என்ற பொருளியலாளரும் மத்தவங்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு அது. பிரயோக ஆராய்ச்சின்னு நான் சொல்றது இதைத்தான். பெரிய ஆய்வுகூடம் வேணாம், திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் வேணும்.

நம்ம லயத்துல அம்மாமார் எல்லாரும் வட்ஸ்அப்ல வொய்ஸ் போடுறாங்க, டைப் பண்றது கம்மி. அப்ப வொய்ஸ்ல பாடம் அனுப்பினா நிக்குமா? பொழுதுசாய வகுப்பு நல்லதா, இல்ல பேர் வெட்டாம வேலை நேரத்துலயே அரை மணித்தியாலமா? வேலை நேரத்துலன்னா புள்ளைக்காம்பராவும் திறந்திருக்கும், கைக்குழந்தைக்காரங்களும் வரலாம். நாலு தோட்டத்துல ரெண்டு விதமா செஞ்சு பார்த்தாலே பாதிப் பதில் தெரியும்.

தொழில் தகைமைச் சான்றிதழ், அதுதான் என்.வி.கியூ., ஏழு மட்டம் இருக்கு. படிக்காம வேலையில கத்துக்கிட்டவங்களுக்கும் முன் அனுபவத்தைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற வழி அதுல இருக்கு. மேசன் வேலைக்கு, வயரிங் வேலைக்கு எடுக்கிறாங்க. 22 வருச அனுபவத்தைத் தமிழ்ல, எழுத்து இல்லாம எப்படிச் சோதிக்கிறது? அதையும் ஒருத்தர் உக்காந்து ஆராயணும்.

‘படிச்சா தோட்டத்தை விட்டுப் போயிருவாங்க’ என்பது நிர்வாகத்தோட பயம். படிக்காமலேயே போறாங்களே! கார்மென்ட்சுக்கு, கொழும்புக் கடைக்கு, மத்திய கிழக்குக்கு. என்ன எழுதியிருக்குன்னு தெரியாத ஒப்பந்தத்துல கையொப்பம் வச்சிட்டுப் போறாங்க.

காசு எங்க இருந்துன்னு கேக்கலாம். இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவழிக்கிறதே மொத்த உள்நாட்டு உற்பத்தியில 0.1 வீதமளவுதான். அந்தச் சின்ன ரொட்டியில எங்க கலைப் பீடத்துக்குத் துண்டு கேக்கிறது வெக்கமாத்தான் இருக்கு. அதனால நான் தேயிலைக் காசுலயே கேக்கிறேன். செடிக்காக செஸ் எடுக்கலாம்னா, அதுல ஒரு சிறு பங்கு பறிக்கிறவங்க கல்விக்கும் போகலாம்.

நாங்களும் சுத்தம் இல்ல. மலையக மக்களோட வாழ்வியல்னு ஆய்வுக்கட்டுரை எழுத வினாக்கொத்தோட லயத்துக்குப் போறோம், குடிப்பழக்கம் பத்திக் கேக்கிறோம், பைண்ட் பண்ணி லைப்ரரியில வைக்கிறோம். பதில் சொன்ன அக்காவுக்கு அது போய்ச் சேராது.

போன லீவுல அம்மாகிட்ட, வகுப்பு வச்சா எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேட்டேன். ‘அஞ்சரைக்கு வேணாம்டா, அது பீலியில தண்ணி வர்ற நேரம். ஆறரைக்குன்னா நானும் வாறேன், கீழ் லயத்து சித்தியும் வருவா’ன்னாங்க.