நோயுற்ற நாயை வளர்க்கலாமா?

தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாயொன்றை வீட்டுக்குக் கொண்டுவரப் பிள்ளைகள் விரும்புவதும், "அதற்கு நோய் இருக்கிறதாமே!" என்று பெரியோர் தயங்குவதும் கண்டிப் பகுதிக் குடும்பங்களுக்குப் புதியனவல்ல. பிள்ளைகளின் இரக்கம் பொய்யன்று. பெரியோரின் அச்சமும் பொருளற்றதன்று. இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தல் நலம்.

தெரு நாய்களைக் கொல்லும் வழக்கத்தை இலங்கை அரசு 2006 ஆம் ஆண்டில் கைவிட்டது. அதன்பின் கருத்தடையும் தடுப்பூசியுமே வழியாயின. கண்டியில் 'கக்பா' என்னும் விலங்கு நலச் சங்கத்தார் இப்பணியைச் செய்து வருகின்றனர். ஆயினும், தப்பிய நாய்க்கு ஒரு வீடு கிடைப்பது குடும்பங்களின் கையிலேயே உள்ளது.

முதலில் அஞ்சத்தக்கது விசர் நோய். 1973 ஆம் ஆண்டில் இந்நாட்டில் அதனால் 377 பேர் மாண்டனர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை 30 அளவிற்குக் குறைந்துள்ளது. இதற்குப் பெரிதும் உதவியது தடுப்பூசியே. ஆதலின் நாயை ஏற்போரின் முதற்கடமை அதனைப் போடுவித்தலாகும். இந்நோய் வெளித்தோன்றாமல் பல வாரங்கள், சிலவேளை மாதங்கள்கூட உடலில் மறைந்திருக்கும். எனவே புதிதாய் வந்த நாய் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

மற்றொன்று உண்ணிக் காய்ச்சல். 'பபேசியா' என்னும் நுண்ணுயிர் உண்ணிக்கடியால் நாயின் குருதியிற் புகுந்து செங்குருதிக் கலங்களை அழிக்கின்றது. மருந்தினால் நாய் தேறினாலும், அந்நுண்ணுயிர் முற்றாக நீங்காது தங்கிவிடுவதுண்டு. உடல் தளரும்போது நோய் மீளும். ஈறு வெளுத்தலும், உணவை வெறுத்தலும், சோர்ந்து கிடத்தலும் அதன் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் மிருக வைத்தியரிடம் காலந்தாழ்த்தாது காட்டுக. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை நம் அருகிலேயே இருப்பது கண்டி மக்களின் நற்பேறு.

ஆகவே, "நோய் உண்டா?" என்பது மட்டும் கேள்வியன்று. நாள்தோறும் உடலைத் தடவி உண்ணி பார்ப்பவர் யார்? நோய் மீண்டால் மருந்துச் செலவுக்கு வழி உண்டா? பிள்ளைகள் பள்ளிக்கும் பெற்றோர் வேலைக்கும் சென்றபின் நாயைக் கவனிப்பவர் யார்? இவற்றிற்கு விடை காண இயலாவிடின், மறுத்தலே அறம். ஏற்றுப் பழக்கியபின் மீண்டும் தெருவில் விடுதல் கொடுமையினும் கொடுமை.

தன்னைப் பின்தொடர்ந்த நாயை விட்டுவிட்டு வானுலகம் புகத் தருமன் மறுத்தான் என்று பாரதம் கூறும். அவ்வுறுதி நமக்கு உண்டா என்று குடும்பத்தார் அனைவரும் ஓரிரவு அமர்ந்து பேசுக. உண்டெனின், நோயறிந்தே அந்நாயை அழைத்து வருக.