நம் நகரை நமக்கு யார் சுற்றிக் காட்டுவது?

கடந்த பள்ளி விடுமுறையில் நாகப்பட்டினத்திலிருந்து சித்தப்பா குடும்பத்தோடு வந்திருந்தார். அப்பாவுக்குப் பெரியப்பா மகன். பினாங்குக்கு இதுவே அவருக்கு முதல் பயணம். ஜார்ஜ்டவுனைச் சுற்றிப் பார்க்க, இணையத்தில் தேடி, தனி வழிகாட்டி ஒருவரை அரை நாளுக்கு அவரே அமர்த்தியிருந்தார். கட்டணம் 350 ரிங்கிட். வழிகாட்டி ஆங்கிலத்தில்தான் பேசுவார் என்பதால், “தம்பி, நீயும் கூட வா. எங்களுக்குப் புரியாததை எடுத்துச் சொல்லு” என்று என்னையும் அழைத்துக்கொண்டார்.

நான் ஆயர் ஈத்தாமில் பிறந்து வளர்ந்தவன். கெக் லோக் சி கோயிலின் விளக்குகள் சன்னலில் தெரியும் அடுக்குமாடி வீடு எங்களுடையது. 204ஆம் எண் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் ஜார்ஜ்டவுன் வந்துவிடும். அது எனக்குக் கைப்பேசி பழுதுபார்க்கவும், தீபாவளிக்குத் துணி எடுக்கவும் போகும் ஊர். அதைப் பார்க்கக் காசு கொடுத்து ஒரு வழிகாட்டியா என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேதான் போனேன்.

வழிகாட்டி நல்ல மனிதர். உரிமம் பெற்றவர். அலுப்பில்லாமல் பேசினார். கார்ன்வாலிஸ் கோட்டையில் தொடங்கினார். 1786ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கியதையும், காட்டை விரைவாக வெட்டச் செய்யப் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிச் சுட்டார் என்று வழங்கும் கதையையும் சொன்னார். கோட்டையில் நிற்கும் லைட்டின் சிலைக்கு முகம் கொடுத்தது அவருடைய மகன் வில்லியம் லைட்டின் படம்தான், தந்தையின் படம் கிடைக்கவில்லை என்றபோது எல்லோரும் சிரித்தோம். விக்டோரியா மகாராணியின் 60 ஆண்டு ஆட்சியைக் குறிக்க 60 அடி உயரத்தில் எழுந்த மணிக்கூண்டு, வெள்ளைத் தூண்களோடு நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைத் தாங்கிய ஓர் ஐரோப்பிய நகரத்தை ஆசியாவில் பார்ப்பது போல இருந்தது சித்தப்பாவுக்கு.

பிறகு குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில். “1833இல் கட்டப்பட்ட இந்துக் கோயில். படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடம்” என்றார். சூலியா ஸ்திரீட்டில் நாகூர் தர்கா. “இந்திய முஸ்லிம்களின் வழிபாட்டிடம்” என்று ஒரே வரி.

பிளஸ் டூ படிக்கும் சித்தப்பா மகள் அங்கேயே நின்றுவிட்டாள். நாகூர் அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். “அண்ணா, எங்க ஊர் தர்கா இங்கே எப்படி வந்துச்சு?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. “சின்னத் தாத்தா கப்பல்ல வந்து இறங்கினது இந்த ஊர்தானே? எந்த இடம்?” என்றாள். கடற்கரைப் பக்கம் கையை நீட்டி, “அங்கேதான் எங்கேயோ” என்றேன்.

அவள் சின்னத் தாத்தா என்று சொன்னது என் சொந்தத் தாத்தாவை. எஸ்.பி.எம். தேர்வில் வரலாற்றுப் பாடத்தில் ஏ வாங்கியவன் நான். மறு சொல் சொல்ல முடியாமல் நடந்தேன்.

மாணவ நண்பர்களே, அன்று இரவு எனக்கு வழிகாட்டியின் மேல்தான் கோபம் வந்தது. நம்மைப் பற்றி ஒரு வரிக்கு மேல் சொல்லவில்லையே என்ற கோபம். படுத்துப் புரண்டபோதுதான் புரிந்தது, அந்த ஒரு வரியை இரண்டாவது வரியாக நீட்ட எனக்கும் தெரியவில்லை. பிறந்த மண்ணைப் பற்றித் தெரியாத நான், தொழிலுக்கு வந்த மனிதரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அதன்பின் சில வாரங்கள் நூலகத்துக்குப் போனேன், படித்தேன், அதே தெருக்களில் மறுபடியும் நடந்தேன். தெரிந்துகொண்டதில் சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

நாங்கள் படம் எடுத்துக்கொண்ட கோட்டை முதலில் மரத்தாலான வேலியாகத்தான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது செங்கல் கோட்டையாக எழுந்தபோது உழைத்தவர்களில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் இருந்தார்கள். 1818இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் கைதிகளின் உழைப்பில் எழுந்ததே. கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியப் பகுதிகளில் தண்டிக்கப்பட்டவர்களைக் கடல் தாண்டி இங்கே அனுப்பிச் சாலை போடவும் கட்டடம் கட்டவும் பயன்படுத்தியது. அந்த வெள்ளைத் தூண்களைத் தூக்கி நிறுத்தியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

லைட் காலத்தில் அமைந்த முதல் தெருக்களில் ஒன்று சூலியா ஸ்திரீட். சோழமண்டலக் கடற்கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களையும் கப்பல்காரர்களையும் சூலியா என்று அழைத்தார்கள். அவர்களின் தலைவராக இருந்த காதர் முகைதீனின் பெயரோடு சேர்ந்ததுதான் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். கெலிங் என்ற சொல் இன்று நம்மைப் புண்படுத்தும் வசைச்சொல்லாகிவிட்டது. அன்று அது இந்தியாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்தவர்களைக் குறித்த பெயர். கலிங்கம் என்பதிலிருந்து பிறந்தது என்பது பொதுவான கருத்து. ஒரு சொல் இருநூறு ஆண்டுகளில் எப்படித் தடம் மாறியது என்பதையே ஒரு வகுப்பில் விவாதிக்கலாம்.

கடலில் போகிறவர்களுக்கு நாகூர் ஆண்டவர் காவல் என்ற நம்பிக்கை நாகப்பட்டினக் கரையில் இன்றும் உண்டு. கப்பலேறி வந்த மனிதர்கள் தங்கள் காவலரையும் நெஞ்சில் சுமந்து வந்தார்கள். இறங்கிய ஊரில் அவர் பெயரில் ஒரு நினைவிடம் எழுப்பினார்கள். தங்கையின் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இவ்வளவுதான். அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. சிறிய மேசையும் இரும்புப் பெட்டியுமாக உட்கார்ந்து கடன் கொடுத்தவர்கள் அவர்கள். தண்ணீர்மலைச் சாலையில் உள்ள தண்டாயுதபாணி கோயில் 1857இல் அவர்கள் எழுப்பியது. மார்க்கெட் ஸ்திரீட்டைக் கடைத்தெரு என்றே தமிழில் சொன்னார்கள். துறைமுகத் தொழிலாளிகளுக்காகக் காவடிபோல் தோளில் சோற்றையும் குழம்பையும் சுமந்து விற்றவர்களிடமிருந்துதான் நாசி கண்டார் பிறந்தது.

என் வீட்டுக்கு அருகிலும் கதை இருக்கிறது. ஆயர் ஈத்தாம் ஆறு நகரை நோக்கி ஓடும் வழியில் வண்ணான்துறை என்ற இடம் உண்டு. நம்மவர்கள் அந்த ஆற்று நீரில் ஊர்த் துணியை வெளுத்த இடம் அது. நான் தினமும் வகுப்புக்குப் போகும் வழி. அந்தப் பெயரை ஆயிரம் முறை கேட்டிருப்பேன், ஒரு முறையும் யோசித்ததில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இதையெல்லாம் படித்தவுடன் ‘பினாங்கைக் கட்டியதே தமிழர்தான்’ என்று முழக்கமிடத் தோன்றும். அதுவும் பொய்யே. கைதிகள் எல்லோரும் தமிழர் அல்லர்; வங்காளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். லைட் வருவதற்கு முன்பே இத்தீவில் மலாய்க்காரர்கள் வாழ்ந்தார்கள். சீனர்களின் கைவினையும் உழைப்பும் தெருவுக்குத் தெரு கண்முன் நிற்கிறது. அதேபோல் நம் வரலாற்றிலும் பெருமை மட்டும் இல்லை. வட்டிக்கடையில் நிலத்தை இழந்தவன் இருக்கிறான், கங்காணியிடம் ஏமாந்தவன் இருக்கிறான். வழிகாட்டி விட்டுவிட்ட பக்கத்தைச் சேர்ப்பதுதான் நம் வேலை. மற்றவர் பக்கத்தைக் கிழிப்பது அன்று.

மற்ற நாடுகளிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் எட்வர்ட் கோல்ஸ்டன் என்பவரின் சிலை நெடுங்காலம் நின்றது. ஊருக்கு வாரி வழங்கிய வள்ளல் என்று கொண்டாடப்பட்டவர். அவர் அடிமை வணிகத்தில் ஈடுபட்ட செய்தி ஓரமாகவே கிடந்தது. 2020 ஜூன் மாதம் மக்கள் கூட்டம் அச்சிலையைப் பெயர்த்துத் துறைமுகத்து நீரில் தள்ளியது. பிறகு அது எடுக்கப்பட்டு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. சிலையைத் தள்ளச் சொல்லி இதை எழுதவில்லை. பாதிக் கதையை மட்டும் பல தலைமுறைக்குச் சொன்னால் மீதிக் கதை ஒருநாள் கோபமாக வெளிவரும் என்பதற்காகச் சொல்கிறேன். முழுக் கதையையும் அமைதியாக, நாள்தோறும் சொல்லிவருவது எல்லோருக்கும் நல்லது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை மாதம் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இங்கே வழிகாட்டி வேலைக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும். 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் இல்லாமல் அத்தொழிலைச் செய்ய முடியாது. அதற்கு முறையான பயிற்சி உண்டு. 2023 டிசம்பர் முதல் இந்தியப் பயணிகள் விசா இல்லாமல் மலேசியா வர முடிகிறது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் சரளமாகப் பேசும் இளைஞர் நம்மில் எத்தனை பேர்! மருத்துவம், பொறியியல், சட்டம் என்று மட்டும் யோசிக்கும் நம் வீடுகளில் இதையும் ஒரு தொழிலாகப் பேசலாம். நகரின் கதையை யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே அக்கதையில் யார் இருப்பார் என்பதும் முடிவாகிறது.

எல்லோரும் வழிகாட்டியாக வேண்டியதில்லை. இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகம் ஆண்டுக்கு ஒரு நாள் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளட்டும். ஆளுக்கு ஒரு கட்டடம். யார் கட்டியது, யார் வாழ்ந்தது, பெயர் எப்படி வந்தது என்று தேடி, அதன் வாசலிலேயே நின்று மற்றவர்களுக்குச் சொல்லட்டும். பேருந்துக் கட்டணத்துக்கு மேல் செலவில்லை.

எல்லாவற்றிலும் அவசரமானது வீட்டில் இருக்கிறது. சுற்றிப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை பாட்டியிடம் கேட்டேன். தாத்தா ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், குயின் ஸ்திரீட் பக்கம் ஓர் அறையில் பத்துப் பேரோடு படுத்தவர் என்று ஒரு மணி நேரம் சொன்னார். சித்தப்பாவும் தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். நாங்கள் அன்று காலை ஐந்து நிமிடம் நின்ற கோயில் வாசலில்தான் தாத்தா வெள்ளிக்கிழமைகளில் நிற்பாராம்.

“இதையெல்லாம் ஏன் பாட்டி இத்தனை நாளா சொல்லலே?” என்றேன்.

“நீ எப்பய்யா கேட்டே?” என்றார்.

பாட்டிக்கு வயது 84. சில பெயர்கள் இப்போதே நினைவுக்கு வர மறுக்கின்றன. தாத்தா தங்கியிருந்த அந்த வீட்டின் எண்ணைச் சொல்லத் தெரியவில்லை. தாத்தா போய் ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இனி அதைக் கேட்க ஆளில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு இன்றே போய்க் கேளுங்கள். கைப்பேசியில் பதிவும் செய்துகொள்ளுங்கள். அடுத்த விடுமுறைக்குத் தங்கை மறுபடியும் வருகிறாள். இந்த முறை நான்தான் அழைத்துப் போகிறேன்.