பட்டியல் தரும் புரொசீஜர் அதை முன்பே சொல்லட்டும்

கைபேசியில் வங்கிச் செயலியைத் திறந்து ‘கடைசிப் பரிவர்த்தனைகள்’ என்பதைத் தொட்டால் பத்து வரி வந்து நிற்கிறது. தேதி, விவரம், தொகை, மீதி. இப்படிப்பட்ட பட்டியல்களைப் பல அமைப்புகளில் தயாரித்துக் கொடுப்பது டேட்டாபேஸுக்குள்ளேயே குடியிருக்கும் சிறு நிரல். கணினித் துறையினர் அதை ஸ்டோர்ட் புரொசீஜர் என்பார்கள்.

ஒரே ஓர் எண்ணைத் திருப்பித் தருவதில் தகராறு இல்லை. பல வரிகளைத் தருவதில்தான் ஆளுக்கொரு வழக்கம்.

டேட்டாபேஸ் மென்பொருள்களில் சைபேஸும் அதிலிருந்து கிளைத்த மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரும் தாராளம். புரொசீஜருக்குள்ளே செலக்ட் என்ற தேடல் கட்டளை ஒன்றை எழுதினால் போதும். விடை தானாக வெளியே வந்துவிடும். 2005-இல் 5.0 பதிப்பில் ஸ்டோர்ட் புரொசீஜர் வசதியைப் பெற்ற மைஎஸ்க்யூஎல்லும் அதே வழிதான். ஆரக்கிள் கறார்ப் பேர்வழி. அங்கே அதே செலக்ட்டை வெறுமனே எழுதினால், ‘இன்டோ எங்கே?’, அதாவது விடையை எதில் போடுவது என்று கேட்டு நிரலை ஏற்கவே மறுக்கும். பட்டியல் வேண்டுமென்றால் அதைச் சுட்டும் ரெஃப் கர்சர் ஒன்றை வெளியீடாக அறிவித்துத் திறந்து கொடுப்பதே அங்கே வழக்கம். எஸ்க்யூஎல் சர்வரில் பழகிவிட்டு ஆரக்கிளுக்கு மாறுகிறவர்கள் முதலில் முணுமுணுப்பது இங்கேதான்.

முணுமுணுப்பு நியாயம்தான். ஆனால் தாராளத்துக்கும் விலை உண்டு. எஸ்க்யூஎல் சர்வர் புரொசீஜரின் தலைப்பைப் பார்த்தால் என்னென்ன கொடுக்க வேண்டும் என்பது தெரியும். என்ன பட்டியல் வரும் என்பது தெரியாது. முழு நிரலையும் படித்தால்தான் உண்டு. கணக்கு எண் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒருவர் தொடக்கத்தில் ஒரு செலக்ட் போடுகிறார், பிறகு அழிக்க மறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செயலி முதலில் வரும் பட்டியலைத்தான் எடுக்கும். பரிவர்த்தனைகளுக்குப் பதில் கணக்கு எண் மட்டும் வந்து நிற்கும். டேட்டாபேஸைப் பொறுத்தவரை எந்தப் பிழையும் நடக்கவில்லை.

அதற்காக ஆரக்கிளுக்கு முழு மதிப்பெண் போட முடியாது. அங்கே பலரும் பயன்படுத்தும் பொதுவான கர்சர் ‘பட்டியல் ஒன்று வரும்’ என்று மட்டுமே சொல்லும். அதில் என்னென்ன பத்திகள் என்று சொல்லாது. உருப்படியான வழி போஸ்ட்கிரெஸ் காட்டுவது. 2009-இல் வந்த 8.4 பதிப்பிலிருந்து, ‘ரிட்டர்ன்ஸ் டேபிள்’ என்று ஒவ்வொரு பத்தியின் பெயரையும் வகையையும் ஃபங்ஷனின் தலைப்பிலேயே எழுதலாம். உள்ளிருந்து வருவது அதோடு பொருந்தாவிட்டால் பிழை. குறையும் இருக்கிறது: பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் மொழியில் எழுதினால், முழுப் பட்டியலையும் சேர்த்து வைத்த பிறகே வெளியே விடும். சில லட்சம் வரிகள் என்றால் அது நினைவகத்தில் அடங்காமல் வட்டுக்குப் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், இரு பெரிய கம்பெனிகளும் எதிரெதிர்த் திசையில் நடந்தன. எஸ்க்யூஎல் சர்வர் 2012-இல் ‘வித் ரிசல்ட் செட்ஸ்’ வந்தது: அழைப்பவர் தான் எதிர்பார்க்கும் பத்திகளை எழுதிக் கொடுக்கலாம், எண்ணிக்கை மாறினாலோ வகை ஒத்துவராவிட்டாலோ பிழை. 2013-இல் ஆரக்கிள் 12சி கர்சரை வெளியீடாக அறிவிக்காமலே பட்டியலை அனுப்ப வழி திறந்தது. சைபேஸ், எஸ்க்யூஎல் சர்வரிலிருந்து வருகிறவர்களின் வசதிக்காக. மைக்ரோசாஃப்ட் போனது சரியான திசை. ஆனால் பாரத்தை ஏற்றியது அழைப்பவர் தலையில். எழுதுகிறவர் அல்லவா சொல்ல வேண்டும்?

எழுதுகிறவரே சொல்லும் வசதி வரும்வரை நிறுவனங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு புரொசீஜர் முதலில் தரும் பட்டியலின் பத்திகளை, அதை ஓட்டாமலே சொல்லும் கருவி எஸ்க்யூஎல் சர்வரில் அதே 2012 முதல் இருக்கிறது. தினமும் இரவு அதை இயக்கி நேற்றைய விடையோடு ஒப்பிட்டால், மறந்துபோன செலக்ட் மறுநாள் காலையே பிடிபடும். ஆனால் பட்டியல் தற்காலிக டேபிளிலிருந்து வந்தால் இந்தக் கருவி கைவிரித்துவிடும். பழைய புரொசீஜர்களில் தற்காலிக டேபிள்களுக்கோ பஞ்சமே இல்லை.