தாண்டவனைத் தேடுகிறார்கள்

பிச்சை போடுகிறவர் மீதே வழக்கு என்று அறிவித்து, 2025 ஜனவரி 1 முதல் அதை நடைமுறைக்கும் கொண்டுவந்தது இந்தூர் மாவட்ட நிர்வாகம். அடுத்த மாதமே போபால் பின்னால் போனது. ஆகஸ்டில் மிசோரம் சட்டமன்றம் பிச்சைத் தடை மசோதாவை நிறைவேற்றியது. பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் ரத்து செய்ததெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது? இந்தத் தடைகளுக்குக் கைதட்டும் நம்மூர்க்காரர்களிடம் தயாராக ஒரு சான்று இருக்கிறது: “நான் கடவுள் பாக்கலியா சார்? எல்லாம் மாஃபியா!”

எரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

2009 பிப்ரவரியில் வந்த பாலாவின் ‘நான் கடவுள்’, ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ நாவலைத் தழுவியது. வசனமும் ஜெயமோகன்தான். பாலாவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. இருந்தும், நாவலின் முதுகெலும்பு படத்தில் இல்லை.

நாவலின் போத்திவேலு பண்டாரம் ஊனமுற்ற மனிதர்களை ‘உருப்படி’ என்று எண்ணி வாங்கி விற்பவர், பிச்சையெடுக்க வைப்பவர். வீட்டிலோ பாசமுள்ள அப்பன். பெண்மக்களைக் கட்டிக்கொடுக்க நகைக்கும் பணத்துக்கும் அல்லாடுகிறார். முருகனைக் கும்பிடுகிறார். மாட்டைச் சினைக்கு விடுகிறவனின் நிதானத்தோடு, உருப்படிகளில் ஒருத்தியான முத்தம்மையைப் பிள்ளை பெற வைக்கிறார். குய்யன் என்ற உருப்படியோ முதலாளி வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்கு ஏங்கிக் கிடக்கிறான். பண்டாரத்தைப் போன்றவர்களை நாம் வடசேரி சந்தையில், சுசீந்திரம் தேரோட்டத்தில் பார்த்திருப்போம். வணக்கமும் சொல்லியிருப்போம்.

படம் இந்த ஆளைத் தூக்கிவிட்டுத் தாண்டவனைக் கொண்டுவந்தது. மொட்டைத் தலை, கரகரத்த குரல். ராஜேந்திரன் நன்றாகவே நடித்தார், சிக்கலே அதுதான். பார்த்த நிமிடமே இவன் சாகவேண்டியவன் என்று தெரிந்துவிடுகிறது. காசியிலிருந்து அகோரி ருத்ரன் வருகிறான். நாவலில் அவனுக்கு இடமே இல்லை. வந்து அடித்துக் கொல்கிறான். ஒரு நரகம் ஒரே சண்டையில் தீர்ந்துபோக, நாம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். இளையராஜாவின் இசையும் பிச்சைக்காரர்களின் கேலிப் பேச்சும்தான் மிச்சம்.

சினிமா வேறு கலை என்று ஒரு சமாதானம் வரும். சொல்கிறவர்கள் ‘ஒழிமுறி’ பார்த்ததில்லை. 2012-இல் மதுபால் இயக்கிய மலையாளப் படம். கதையும் திரைக்கதையும் இதே ஜெயமோகன், களமும் நாவலின் அதே தென் திருவிதாங்கூர். தாணுப்பிள்ளை மனைவியை வதைக்கிறவர். முதிய வயதில் அவள் விவாகரத்துக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகிறாள். அவரை அடிக்க எந்த ருத்ரனும் வருவதில்லை. மாறாக, கதை அவருடைய அம்மா காளிப்பிள்ளையிடம் போகிறது. பெண்வழியில் சொத்து இறங்கும் மருமக்கத்தாயக் குடும்பத்தில் அதிகாரத்தோடு வாழ்ந்த அந்தப் பெண்மணியைப் பார்த்து வளர்ந்த பையனின் பயம்தான் பின்னாளில் மனைவி மீது அடியாக இறங்குகிறது. கொடுமையின் வேரை வீட்டுக்குள்ளேயே தோண்டிய படம் அது. நம் மண்ணின் பேச்சைக் காதால் கேட்கவும் மலையாளத்துக்குத்தான் போகவேண்டியிருந்தது. கோடம்பாக்கம் வெட்கப்பட வேண்டாமா?

பிச்சை என்றதும் தலைமறைவுக் கும்பல் ஒன்றைக் கற்பனை செய்ய நம்மைப் பழக்கியது ‘நான் கடவுள்’ என்ற ஒரு படம்தான் என்பேன். வில்லன் கண்ணில் படாதபோது கையில் கிடைப்பவனைப் பிடிக்கிறோம். கிடைப்பது கோயில் வாசலில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் கிழவி. மிஞ்சினால் அவளுக்குப் பத்து ரூபாய் போட்டவர்.

இந்தூரிலும் மிசோரமின் ஐஸ்வாலிலும் தாண்டவனைத்தான் தேடுகிறார்கள். போத்திவேலு பண்டாரம் மகள் கல்யாணப் பத்திரிகையோடு அங்குள்ள அரசு ஆபீசுக்குள் நுழைந்தால், நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காப்பி சொல்வார்கள்.