ரூஃப் துணி தொங்குதா? குண்டூசியைக் கீழே வைங்க!

கோவளம் பீச் வெயில்ல நிக்கிற பழைய கார்களுக்குள்ள எட்டிப் பாருங்க. சிலதுல ரூஃப் துணி பந்தல் மாதிரி தொங்கும். குண்டூசி, ஸ்டேப்ளர், ஃபெவிகால்னு ஒப்பேத்துறது சிக்கனம் இல்ல, வீண் செலவு. துணிக்குப் பின்னால இருக்கிற பாலியூரித்தேன் ஃபோம்தான் கெட்டுப்போச்சு. சூடும் கடலோர ஈரப்பதமும் அதை மாவாக்கிடும். மாவு மேல எந்தப் பசை நிக்கும், சொல்லுங்க?

போர்டையே கழற்றி, பழைய ஃபோமை பிரஷ்ஷால முழுசா சுரண்டுங்க. சலிப்பான வேலைதான், ஆனா காசு மிச்சமாகுறதே இங்கதான். ஃபோம் வச்ச புதுத் துணியை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல விசாரிங்க. சூடு தாங்குற கான்டாக்ட் பசையை ரெண்டு பக்கமும் தடவி, கையில ஒட்டாத பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்க. பில்லர்ல ஏர்பேக்னு எழுதியிருந்தா மட்டும் நீங்க கை வைக்காதீங்க, மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க.