தலைக்கவசம் போதுமா?

பொறியியல் மாணவனுக்குப் பாதுகாப்பென்றால் தலைக்கவசமும் சப்பாத்துமே என்று போதிக்கும் பேராசான்கள் உளர். 1981 ஜூலை 17இல், அமெரிக்கக் கன்சாஸ் நகரின் ஹயாட் ரீஜன்சி ஹோட்டலில் நேர்ந்ததற்கு இவர்கள் என்ன விடை பகர்வர்?

மேலும் கீழுமாய்த் தொங்கவேண்டிய இரு நடைபாலங்களையும் நீண்ட ஒரே கம்பிகள் தாங்குவதாகவே முதல் வரைபடம் இருந்தது. வேலை இலகுவாகட்டுமென்று ஒவ்வொரு கம்பியையும் இரண்டாக்கினர். கீழ்ப்பாலம் மேற்பாலத்திலேயே தொங்கிற்று. மேற்பாலத்து இணைப்புகளில் சுமை இரட்டித்தது. பள்ளிப்பிள்ளையும் போடக்கூடிய இந்தக் கணக்கை எவரும் போட்டுப் பார்க்கவில்லை. மாண்டோர் 114 பேர். நடன விழாவுக்கு வந்தவர்கள் தலைக்கவசம் அணிந்திருக்க வேண்டுமென்பீர்களோ? முதல் வரைபடந்தானும் நகர விதி கோரிய வலுவில் 60 வீதத்தையே கொண்டிருந்தது!

இறுதியாண்டில் ஒப்புக்கு ஒரு விரிவுரை வேண்டாம். மாணவன் வரையும் முதற்படத்திலேயே கேளுங்கள்: இவ்விணைப்பு அறுந்தால் சாகப்போவது யார்?